பதினொரு மணிக் கூட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திய காலத்தில் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. பிறகு சென்னையில் உள்ளாட்சிச் சீர்திருத்தத்துக்கான அரசுக் குழு ஒன்றில் என்னைப் போட்டார்கள். நான் அறைக்குள் நுழைந்தாலே ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்வார்களாம் அதிகாரிகள்.

அந்தக் குழுவில் நான் சண்டை போட்டுச் சேர்த்தது ஒரே ஒரு வாக்கியம். ஊர் ஜனங்கள் வேலைக்குப் போகாத நேரமாகப் பார்த்துக் கிராம சபையைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல டாக்டர் பட்டம் வேண்டாம், ஆம்பூர்ப் பக்கம் பிறந்திருந்தால் போதும். பொழுது விடிந்ததும் ஷூ கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். இருட்டின பிறகுதான் திருப்பி இறக்கும். நடுவில் சபை கூட்டினால் யார் வந்து உட்காருவார்கள்? ஆனால் அறிக்கை அச்சாகி வந்தபோது என் வாக்கியத்தின் தலையில் 'கூடுமானவரை' என்று ஒரு சொல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை ஏற்றியது யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரிந்தாலும் அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதும், கிராம சபையில் ஜனங்களுக்கு என்ன உரிமை என்று ஊர் ஊராகப் போய்ப் பேச ஆரம்பித்தேன். போன வருஷம், ஆம்பூரை அடுத்த ஓர் ஊராட்சியின் தலைவி போன் செய்தார். பதவிக்கு வரும் முன்பு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்.

"மேடம், ஏரிப் பொறம்போக்குல தோல் பதனிடற ஷாப் கழிவக் கொட்ட எடம் குடுக்கணும்னு தீர்மானம் கொண்டாறாங்க. குடிக்கிற தண்ணிக் கெணறே ஏரிய ஒட்டித்தான் கீது. வேல நாள்ல, பதினொரு மணிக்குக் கூட்டம். வேணாம்னு கை தூக்க எங்க பொம்பளைங்க யாரு வருவா? சாயந்தரம் வைங்கன்னு கேட்டதுக்கு, ரூல்ல கூடுமானவரைன்னுதான் போட்டுகீது, முடியாதுன்னுட்டாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

கூட்டத்தன்று காலையில் நேரே கம்பெனிக்குப் போனேன். ஹெச்ஆர் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் கேட் பாஸ் கொடுங்கள் என்று கேட்டேன். வேலை நேரத்தில் கேட் பாஸ் இல்லாமல் யாரும் வெளியே கால் வைக்க முடியாது.

"ஷிப்மெண்ட் இருக்கு மேடம். லைன் நின்னா பையர் சும்மா இருப்பானா?" என்றார். அதோடு விட்டாரா? "மகளிர் தினத்துக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்டா வரணும். 'பெண்களும் ஜனநாயகமும்'னு பேசுங்க. டாபிக் சூப்பரா இருக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் அந்த டீயை அவர் சட்டையிலேயே ஊற்றியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசை நிறையத் தோல் ஷாப்பைச் சேர்ந்த ஆட்கள். கூட்டத்தை நடத்திக்கொடுக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர் என் பழைய மாணவன். கிராம சபையைப் பற்றி அவன் எழுதிய பரீட்சை விடையைப் பாராட்டி வகுப்பு முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறேன். காலைத் தொட வந்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். பதினொரு மணிக்கு ஏன்டா வச்ச?"

"மேலேர்ந்து வந்தது மேடம்."

இதற்காகவா தொண்டைத்தண்ணி வற்றப் பாடம் நடத்தினேன்?

தலைவி வரவு செலவை வாசிக்க ஆரம்பித்தார். எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் பல்பு மாற்றியது, எந்தக் குழாய்க்கு வாஷர் போட்டது, ஒன்றையும் விடவில்லை. வாசித்ததையே திரும்ப வாசித்தார். பயந்துபோய்த் தீர்மானத்துக்கு வராமல் இழுக்கிறார் என்று எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இன்னாம்மா பேஜார் பண்ற? தீர்மானத்தப் படி" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"தலைவி நானா, நீயாண்ணா? கணக்குக் கேக்க இஷ்டமில்லன்னா எழுந்து போய்க்கினே இரு."

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ரயில் தண்டவாளத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. நீல கோட்டும் தலையில் தொப்பியுமாக, மூச்சிரைக்க, பெண்கள் ஓடிவந்தார்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு மட்டும் கேட் பாஸ் கேட்கமாட்டார்கள். அத்தனை வருஷம் கம்பெனியில் அந்தச் சாப்பாட்டு மணியைக் கேட்டவர் தலைவி. தாளை மடித்துவைத்துவிட்டு, நிதானமாகத் தீர்மானத்தை வாசித்தார். "வேணாம்ன்றவங்க கை தூக்குங்க."

ஷூ ஒட்டும் சொலூஷன் காய்ந்துபோன விரல்களோடு கைகள் மேலே போயின.

"இது கம்பெனி டைம், இவங்க கை செல்லாது!" என்று முன்வரிசையில் கத்தினார்கள்.

"எங்க சோத்து டைம்யா இது!" என்றாள் ஒரு பெண். "சோறு துன்னாம வந்துகீறோம்."

என் பழைய மாணவன் என் முகத்தைப் பார்த்தான். "என்னை என்னடா பாக்கற? எண்ணுடா" என்றேன். எண்ணினான். தீர்மானம் தோற்றது. கைதட்டக்கூட நிற்காமல் அந்தப் பெண்கள் வந்த வழியே ஓடினார்கள்.

நான் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. பெண்கள் வந்துசேர்ந்தது கொஞ்சம்தான் தாமதம். எல்லோரும் வெளியே தரையில், வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மேடம், நீங்க ஏன் வெயில்ல? உள்ள வாங்க."

"இவங்கள விடுங்க. அப்புறம் நான் வர்றேன்."

"அவங்க விஷயம் வேற மேடம். நாளைலேர்ந்து இவங்கள வெச்சிக்கிறதான்னே மேனேஜ்மெண்ட்ல பேசிட்டிருக்காங்க."

என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, சிரித்தபடியே உள்ளே போனார். நான் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மறுபடி திறந்தது. பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார்கள். செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.