நட்டமாக நின்ற நங்கூரக் கயிறு

சிவகாசி அச்சகத்தில் தீப்பெட்டி லேபிளுக்குப் பாய்மரப் படகும் நங்கூரமும் வரைந்தவன் நான். கடலைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் உப்பு லாரியில் வந்திறங்கிய தூத்துக்குடிப் படகுக்காரர், உதடெல்லாம் வெடித்தவர், என் மேசையில் ஒரு தீப்பெட்டியை எறிந்தார். லேபிளிலிருந்த நங்கூரக் கயிற்றை நகத்தால் சுரண்டியிருந்தார்.

“இதை வரைஞ்சது எவம்லே? கயிறு கம்பு மாதிரி நட்டமா நிக்குது! ஆழத்தைப் போல அஞ்சு பங்கு கயிறு விட்டு, படுத்தாப்ல இழுத்தாத்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். இப்படி நின்னா படகு பாறையில போயி மோதும்.”

“தீப்பெட்டி வாங்குறவன் படகா ஓட்டப் போறான்? வெளியே போங்கய்யா” என்றேன்.

“நான் வாங்குதேம்லே. வாங்குற பெட்டியெல்லாம் சுரண்டத்தான் செய்வேன்.”

மறுநாள் கயிற்றைச் சாய்த்து வரைந்தேன். படம் மாறினால் போலிச் சரக்கு என்பார்கள் என்று முதலாளி கிழித்துப்போட்டார்.

அந்த ஆளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அந்தத் தீப்பெட்டி கைக்கு வந்தால், குச்சியை எடுக்குமுன் என் நகம் கயிற்றைச் சுரண்டத் தொடங்கிவிடுகிறது.