முத்திரை குத்திய நோட்டு

வங்காளத்தில் போர் முடிந்து, பங்களாதேஷ் தனி நாடான மறு வருடம் அது. சிட்னியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இந்திய மொழிப் புத்தகங்களை வகைப்படுத்தும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் சாப்பாடு முடித்து இருக்கைக்குத் திரும்பியபோது, கீழே புத்தகம் பைண்டு செய்யும் பிரிவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் மேசையருகே நின்றிருந்தார்.

"அக்கா, பொலிஸிலயிருந்து போன் வந்தது. ஒரு வங்காளக் கப்பல்காரனைப் பிடிச்சு வைச்சிருக்கினமாம். பாஷை தெரிஞ்ச ஆள் வேணுமாம். ஒஃபீஸில உங்கட பேரைச் சொல்லிப்போட்டினம்."

"நான் படிப்பேன், அவ்வளவுதான். பேசிப் பழக்கமே இல்லையே."

"அதை அங்க வந்து சொல்லுங்கோ. பின்னேரம் கப்பல் வெளிக்கிடுதாம். அதுக்குள்ள விடாட்டி அவன் இஞ்சதான்."

நான் வங்காளம் கற்றது ஒரு கோபத்தில். சென்னையில் கல்லூரி நாட்களில், வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்த வங்காள நாவலின் மொழிபெயர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். முடிவு தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாடிவீட்டில் குடியிருந்த வங்காளி அக்கவுண்டண்டின் மனைவியிடம் எழுத்துக் கற்று, மூலத்தையே வாங்கிப் படித்து முடித்தேன். பிறகு விடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜமீன்தார்களும் அவர்கள் மனைவிமாரும் பேசுகிற பழைய நாவல் மொழி.

காவல் நிலையத்தில் சார்ஜண்ட் எங்களை ஒரு சிறு அறைக்கு அழைத்துப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் நாலைந்து பாகிஸ்தான் பத்து ரூபாய் நோட்டுகள். ஒவ்வொன்றிலும் ஊதா மையில் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது. அவற்றை மாற்றப் பாங்குக்குப் போயிருக்கிறான். கள்ள வேலை என்று சந்தேகப்பட்டுப் பாங்குக்காரர்கள் போலீஸை அழைத்துவிட்டார்கள்.

"முத்திரையில என்ன எழுதியிருக்கு?" என்றார் சார்ஜண்ட்.

"பங்களாதேஷ்."

"பாகிஸ்தான் நோட்டுல பங்களாதேஷ்னு யார் குத்தினது? அதைக் கேளுங்க. நீங்க சொல்றதை அப்படியே எழுதப்போறேன், கையெழுத்துப் போடணும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டேன். அவன் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டான். நான் ஏதோ நீதிபதி என்று நினைத்திருக்க வேண்டும். உட்காரச் சொல்லி மறுபடி கேட்டேன். பதில் கடகடவென்று வந்தது. அவன் கிழக்கு வங்காளத்தில் சில்ஹெட் பக்கத்துக்காரன். நான் படித்த புத்தகங்களில் யாரும் அப்படிப் பேசியதில்லை. 'பாய்' என்பது தெரிந்தது, சகோதரன். 'மார்ஸே' என்பதும் தெரிந்தது, முத்திரை அடிப்பதற்கு அந்தச் சொல்தான்.

"அவன் அண்ணன் குத்தினானாம்," என்றேன்.

சார்ஜண்ட் எழுதிக்கொண்டார். "அப்ப அண்ணனும் அதே கப்பல்லதான் இருக்கணும். கப்பலுக்குப் போன் பண்ணி அவனையும் இறக்கச் சொல்றேன்." எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

கப்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பதறிப்போய் என்னிடம் திரும்பத் திரும்ப எதையோ சொன்னான். மறுபடியும் அதே பாய், அதே மார்ஸே. தலையை வேறு இல்லை இல்லை என்று ஆட்டினான். பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் மெல்லக் கேட்டார். "என்னவாம் அக்கா?"

"அண்ணன் குத்தினான், அண்ணன் குத்தினான்னுதான் சொல்றான். வேற ஒண்ணும் புரியலை."

அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் குத்தினவனோ, அண்ணனைக் குத்தினவையோ? வடிவாக் கேளுங்கோ. இது முத்திரை குத்தின கதை சொல்லுற முகம் மாதிரித் தெரியேல்லை."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டேன். யார் அடித்தது? யாரை அடித்தார்கள்? அவனும் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னான். "பாயே மார்ஸே." ஒரு நோட்டை எடுத்து, முஷ்டியால் அதன்மேல் முத்திரை குத்துவதுபோலக் காட்டினான். பிறகு, "பாய்ரே மார்ஸே." அதே முஷ்டி அவன் நெஞ்சில் விழுந்தது.

அந்த ஒரு 'ரே'யை நான் கோட்டைவிட்டிருந்தேன். நம்முடைய 'ஐ' உருபுபோல அது. அண்ணன் முத்திரை குத்தினான். அதற்காகப் பாகிஸ்தான் ராணுவம் அண்ணனைக் கொன்றுவிட்டது. முத்திரை அடிப்பதற்கும் அடித்துக் கொல்வதற்கும் ஒரே சொல்.

வெளியே ஓடி சார்ஜண்டின் கையில் இருந்த போனை ஏறக்குறையப் பிடுங்கினேன். கப்பலில் அண்ணன் யாரும் இல்லை, எங்கேயும் இல்லை என்றேன். நான் முதலில் சொன்னது அரைகுறை, அதை மாற்றி எழுதுங்கள் என்றேன். போர் நடந்தபோது ஊர்க்காரர்கள் பழைய நோட்டிலேயே தங்கள் நாட்டின் பெயரைக் குத்திப் புழங்கியதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். முன்பு பாகிஸ்தான் நோட்டில் தங்கள் வங்காள எழுத்தும் இடம்பெறவேண்டும் என்று தெருவில் இறங்கியவர்கள்தான் அவர்கள். தெரிந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நீங்க சொன்னாப் போதாது," என்றார் அவர். ஆனால் கப்பலுக்குப் போட்ட போனை வைத்துவிட்டு, பாங்கின் தலைமை அலுவலகத்தில் வெளிநாட்டுப் பணம் பார்க்கும் ஆளைத் தேடினார். அந்த ஆள் இடத்தில் இல்லை. வந்ததும் அழைப்பார் என்றார்கள். நாங்கள் காத்திருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கப்பல்காரன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை போன் அடித்தது, வேறு யாரோ. இரண்டாம் முறை அடித்தபோது சார்ஜண்ட் வெகுநேரம் 'சரி, சரி' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படி நோட்டு இருந்தது உண்மைதானாம். இப்ப செல்லாது. ஆனா குற்றம் ஒண்ணும் இல்லை. கூட்டிட்டுப் போங்க."

யாழ்ப்பாணத்துக்காரரின் காரில் துறைமுகத்துக்குப் போகும்போது அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். ஊரில் புதுப்பணம் வந்துவிட்டது, இது இனி வெறும் காகிதம் என்று கப்பலில் சொல்லியிருக்கிறார்கள். நம்பாமல் பாங்குக்கே போய்க் கேட்கலாம் என்று போயிருக்கிறான்.

துறைமுக வாசலில் இறங்கியதும் ஒரு நோட்டை என்னிடம் நீட்டினான். அவனுக்கு எழுத்துத் தெரியாதாம். முத்திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னான். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, "பாங்-லா-தேஷ்" என்று வாசித்தேன்.

"நேராக் குத்தியிருக்கானா?"

"கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"அவனுக்கு எப்பவும் அவசரம்," என்றான். சிரிப்பதுபோல் வாய் கோணியது.

கப்பல் சங்கு ஊதியது. நோட்டுகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். மேலே நின்ற அதிகாரி ஒருவர் அவனைத் திட்டுவது எங்களுக்குக் கேட்டது. அவன் தலையைக் குனிந்தபடி ஏணியில் ஏறி, கம்பிகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். யாழ்ப்பாணத்துக்காரர் காரை எடுக்கவில்லை. ஏணியைத் தூக்கி முடிக்கிறவரைக்கும் இருவரும் அங்கேயே நின்றோம்.