புக்கித் தீமாவில் தவறிய வளையம்

மலாயாவில் ரயில் ஓடியதே புக்கித் தீமா மாணிக்கத்தால்தான். அவர் கையைத் தூக்காவிட்டால் கோலாலம்பூரில் கிளம்பிய எஞ்சின் பாதி வழியில் உட்கார்ந்து அழும். ஐம்பதுகளில் தேக்கா காப்பிக்கடையில் அவர் இதற்குக் குறைத்துப் பேசிக் கேட்டவர் யாருமில்லை.

அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ரம்புத்தான் மரங்களுக்கும் லாலாங் புல்லுக்கும் நடுவே குட்டி ஸ்டேஷன். இரு பக்கமும் ஒற்றைத் தண்டவாளம். ஒரு வளையம், அதில் தோல்பை, பைக்குள் சாவி. அந்தச் சாவி கையில் இருந்தால்தான் வண்டி மேலே போகலாம். மாணிக்கம் வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார். டிரைவர் ஓடும் எஞ்சினிலிருந்தே கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்பதுதான் அவருடைய கர்வம்.

குளுவாங் தோட்டத்தில் இருந்த அக்கா முத்தாயி, மகனோடு இருக்க நாகப்பட்டினத்துக்கே கிளம்பிவிட்டார். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். காலையில் ரயில், மத்தியானம் கப்பல். மாற்று ஆள் கிடைக்காததால் ஸ்டேஷன் மாஸ்டர் ஜலாலுதீன் லீவு தரவில்லை. அந்த வண்டியோ இங்கே நிற்காது. ஓடுகிற ஜன்னலில் முகம் தெரிந்தால் உண்டு.

வண்டி வந்தது. மழைத் தூறல். டிரைவர் ரவூப் கையை நீட்ட, ஈரத்தில் வழுக்கி வளையம் கீழே விழுந்தது.

பிரேக் கிறீச்சிட்டு வண்டி நின்றது. வளையத்தோடு எஞ்சினுக்கு ஓடிய மாணிக்கம், நடுப்பெட்டி வாசலில் அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஏண்டா, தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையா?"

"வைக்கிறேன்க்கா."

"புளுகாதே." முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்தார். "ஒழுங்கா சாப்பிடு. என்னை நெனச்சு அழுதே, கப்பல்லேருந்து குதிச்சு வந்து உதைப்பேன்."

எஞ்சின் ஊதியது. "அண்ணே, கொண்டாங்க லா! அக்காவுக்குக் கப்பல் போயிடும்!" என்று கத்தினார் ரவூப்.

ஜலாலுதீன் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "கை வழுக்கிடுச்சு சார்" என்றார் மாணிக்கம். அப்புறம் காப்பிக்கடையில் தவறாத கையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அக்காவும் திரும்பி வரவில்லை.

இதுவரை எழுதியதை, எழுதிய பயல் அவரிடமே வாசித்துக் காட்டினான். மாணிக்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அன்னிக்கு ஏதுடா மழை? வெயில் மண்டையைப் பொளந்துச்சு. நானாத்தான் வளையத்தைக் கீழே விட்டேன். என்னைக் காப்பாத்துறியாக்கும்! அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."