ரேடியோவும் சாரலும்

"ஏட்டி, நாலெழுத்து படிச்சா ரேடியோ ரிப்பேரும் வந்துருமா? சாரல் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்," என்றார் அப்பா, என் சிறுவயதில் பாடாமல் நின்றுபோன ரேடியோவைப் பார்த்து. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

இன்று தென்காசியில் நான் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் சென்டரில், பழைய மிஷினின் பவர் சப்ளையிலிருந்து அன்று ரேடியோவில் வந்த அதே கருகல் வாடை.

எங்கள் குற்றாலத்தில் ரேடியோ, டிவி என்று எந்தப் பெட்டி நின்றாலும் சாரலைத்தான் குறை சொல்வோம். அன்று ரேடியோவுக்குள் ஓர் உருளை உப்பியிருப்பதைக் காட்டினேன். அப்பா கேட்கவில்லை. அடுப்போரம் மூன்று நாள் காயவைத்து மறுபடி போட்டார். புகைந்தது, அதன்பின் பாடவே இல்லை. அந்த உருளையின் பெயர் கெப்பாசிட்டர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஈரந்தாம்மா. இப்ப காஞ்சிட்டு. போட்டுப் பாரு. ஏன் பயப்படுத?" முதலாளி அண்ணாச்சி ஸ்விட்சருகே நிற்கிறார். இருப்பது ஒரே மிஷின். எரிந்தால் என் வேலையும் போகும்.

"போடாதீங்க அண்ணாச்சி," என்றேன். இந்த மிஷினிலும் உப்பியிருந்த கெப்பாசிட்டரை ஏற்கெனவே கழற்றிவிட்டேன்.