கொள்ளிடத்துக்காகக் கொண்டுவந்த காந்தம்

ஓசூர்ப் பக்கம் ஒரு காந்தக் கம்பெனியில் எனக்கு வேலை. ஸ்பீக்கரின் பின்னால் கறுப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதுதான் எங்கள் சரக்கு. துரு போன்ற செம்பொடியோடு ஸ்ட்ரான்சியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடியைக் கலந்து சுடுவோம். சுட்டதைத் தண்ணீர் விட்டு, இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயில் மையாக அரைப்போம். அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் தம்பி "அக்கா" என்று கூப்பிடுவான். முதல் தடவை பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார். இப்போது நிறுத்துவதில்லை, கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது தம்பி பைக்கில் தரைப்பாலத்தைக் கடக்கப் போனான். அவனும் கிடைக்கவில்லை, பைக்கும் கிடைக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே திருப்பனந்தாள் பக்கம்தான் எங்கள் வீடு. அப்பா மாதா கோவிலில் அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கேட்டார். அம்மா அவன் சுகமாகத் திரும்பிவரப் பூசை கேட்டாள். சாமியார் பாவம், இரண்டுக்கும் தலையாட்டினார்.

சாயங்காலமானால் வாசலில் பைக் வந்து அணைகிற சத்தம் அம்மாவுக்குக் கேட்கும். எழுந்துபோய்ப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பெற்ற மனம் பித்து என்று நினைத்துக்கொள்வேன். லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் எனக்கும் கேட்டது. நான் யாரைப் பெற்றேன்?

தண்ணீர் வடிந்தபின் பாலத்தடியில், மணல் அள்ளிய மடுவில் மட்டும் ஆழமாக நின்றது. அப்பா போனில் சொன்னார்: "கெணத்துல விழுந்த வாளிய ஸ்பீக்கர் காந்தத்தக் கட்டித்தானே தேடுறோம். பெருசா ஒண்ணு கொண்டாம்மா. பைக்குல ஒட்டுனா போதும். அவன் போயிட்டான்னு நெனச்சு செய்யவேண்டியதச் செஞ்சிருவேன்."

இருப்பதிலேயே வலுவான வளையத்தைக் கொண்டுவந்தேன். வலு எப்படி வருகிறது என்று அப்பா கேட்டார். வாத்தியார் மாதிரி விளக்கினேன். அரைத்த பொடி மிக நைசாக இருக்கவேண்டும். அச்சில் அழுத்தும்போதே காந்தப்புலத்தால் துகள்களை ஒரே பக்கம் திருப்பவேண்டும். பிறகு சூளை. சூடு குறைந்தால் இறுகாது, மிஞ்சினால் துகள் பெருத்து வலு குறையும். சூளையிலிருந்து வருவது வெறும் கல்தான். கடைசியாக மின்சாரம் கொடுத்து எழுப்பினால்தான் காந்தம்.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுல கெடும்?" என்றாள்.

"அடுப்புல போட்டா செத்துரும்மா."

மறுநாள் காலை அப்பா அதில் நைலான் கயிற்றைக் கட்டி, சோதித்துப் பார்க்க இரும்பு கேட்டில் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "என்னம்மா ஒங்க கம்பெனி சரக்கு?" என்று முகம் வாடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். குனிந்து எடுத்தேன். வளையத்தின் உள்பக்கம் சாம்பல் அப்பியிருந்தது. கொல்லையில் அம்மாவின் விறகடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

அப்பா உள்ளே போனதும் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதுக்கு மறுபடி உசுரு வராதுல்ல?"

கம்பெனிக்குக் கொண்டுபோனால் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும்.

"வராதும்மா," என்றேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை.

"அப்பாகிட்டயும் அப்படியே சொல்லிரு," என்றாள்.