கண்ணைத் திறந்து ஜெபித்த ஞாயிறு

என் மகன் எபி இதுவரை என் குரலைக் கேட்டதில்லை. இனிமேல் கேட்பான் என்றும் மருத்துவர்கள் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அவனுக்குக் காது திறந்தது என்று எழுதுவேன் என நம்பி வாசிக்கிறவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. ஆனாலும் இது ஜெபத்துக்குப் பதில் கிடைத்த சாட்சிதான்.

நாங்கள் படூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் எம்.சி.ஏ. படித்தவள். எபி பிறந்ததும் வேலையை விட்டேன். கைக்குழந்தையாக இருந்தபோது குக்கர் விசில் அடித்தாலும் அவன் அசையாமல் தூங்குவான். தொந்தரவில்லாத பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். 

ஒன்றரை வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. செங்கல்பட்டில் ஒரு மருத்துவரிடம் ஆரம்பித்துச் சென்னை வரை அலைந்தோம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வளரவே இல்லை, கருவி பொருத்தினாலும் பயனிருக்காது என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எபி ஜன்னலில் மூக்கை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

என்னையே நான் குற்றம் சாட்டிக்கொண்டேன். கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டேன். அதனாலா? என் கணவரிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்பேன்.

“எஸ்தரு, அந்த மாத்திரய டாக்டரே எழுதிக் குடுத்தாரு. இதோட எத்தன வாட்டி கேட்டுட்ட?” என்பார். மறுநாளும் கேட்பேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. சபையார் எபிக்காக உபவாசமிருந்து ஜெபித்தார்கள். அவன் இரண்டு காதிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நானும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்தேன். “ஆண்டவரே, அவன் காதைத் திறந்தருளும்” என்பதைத் தவிர வேறு ஜெபமே எனக்கு இல்லை. இரண்டு வருடம் போனது. என் விசுவாசம் போதவில்லையோ, ஏதாவது வார்த்தையைத் தவறாகச் சொல்கிறேனோ என்றெல்லாம் யோசித்தேன்.

ஒரு ஞாயிறு நடந்ததை என்னால் மறக்க முடியாது. பாஸ்டர், “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார். எல்லோரும் மூடினார்கள். எபி மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஜெபிக்கிற பழக்கம் வர வேண்டாமா? நான் என் உள்ளங்கையால் அவன் கண்களை மூடினேன். அவன் அலறினான். என் கையைக் கடித்தான். நான் இன்னும் அழுத்தி மூடினேன். காது இல்லாதவனுக்குக் கண்ணையும் அடைத்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பெற்ற தாய் நான். எனக்கே தோன்றவில்லை.

பின் வரிசையிலிருந்து மூப்பர் ஞானமுத்து ஐயா, “புள்ளய கொஞ்சம் வெளிய கூட்டினு போம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் மகனுக்கு என்றைக்காவது ஜெபிக்கத் தெரியுமா? அன்றுதான் என் ஜெபம் மாறியது. “ஆண்டவரே, காதைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. உம்மிடம் பேச அவனுக்கு ஒரு வழி காட்டும்.” இப்படிக் கேட்டதே அவிசுவாசமோ என்று வீடு வரைக்கும் பயந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் சபையின் வீடியோ ஊழியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய கிளை இருக்கிறது. பெரும்பாலும் மீன்பிடிக்கிற குடும்பங்கள். பாஸ்டரால் ஒவ்வொரு வாரமும் அங்கே போக முடியாது. அதனால் கேளம்பாக்கம் ஆராதனையை நேரலையாக அனுப்புவோம். கடப்பாக்கத்தில் மீன் விற்கிற தங்கம் அக்கா வீட்டு டிவியில் எல்லோரும் கூடிப் பார்ப்பார்கள். கேமரா, லேப்டாப், திரையில் பாட்டு வரிகள் எல்லாம் என் பொறுப்பு. ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் இருக்கும். பிரசங்கம் தொடங்குகிற நேரத்தில் எபி என் மடியில் உட்கார்ந்து உரக்கக் கத்தினான். அது அவனுடைய சந்தோஷச் சத்தம். ஆனால் கேட்கிறவர்களுக்கு அப்படி இருக்காது. அந்தச் சத்தம் கடப்பாக்கம் வரை போகக்கூடாது என்று நேரலையின் ஒலியை நிறுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், வெட்கப்பட்டுத்தான் நிறுத்தினேன். பிறகு அவனைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில், ஒலியைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து போனைப் பார்த்தால் தங்கம் அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன்.

“இன்னா தங்கச்சி இது? பாஸ்டரு வாய மட்டும் அசச்சிகினு கீறாரு. ஒரு எழவும் கேக்கல. நானும் டிவிய தட்டித் தட்டிக் கையே வலிக்குது.”

“அக்கா, தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்கக்கா.”

“அட வுடு. இங்க ஒருத்தி மட்டும் வுழுந்து வுழுந்து சிரிச்சிகினு கீறா. என் தங்கச்சி ஸ்டெல்லா.”

“ஏங்க்கா சிரிக்கிறாங்க?”

“அவளுக்குக் காது கேக்காதில்ல? ‘இன்னிக்கித்தான் நீங்கல்லாம் என்னாட்டம் உக்காந்துகினு கீறீங்க’ன்னு கையிலயே சொல்றா. கொழுப்பு பாத்தியா?”

“அக்கா, கையில சொல்றாங்களா?”

“ஹாஸ்டல்ல தங்கி, காது கேக்காதவங்க ஸ்கூல்ல பத்தாவது வரிக்கும் படிச்சவ. கைப்பாஷ அத்துப்படி. தெனம் ராவும் பகலும் கூடப் படிச்ச பொண்ணுங்களோட வீடியோ கால்ல கைய ஆட்டிகினே இருப்பா. கரண்டு பில்லு எனக்குத்தான்.”

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டின் கடைசி வரிசையில் ஸ்டெல்லா உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் அந்த நேரலையை அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்படி ஒருத்தி பார்க்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் பாஸ்டர் போன் செய்தார். தன் பிரசங்கத்தின் பதிவை அவர் வாராவாரம் போட்டுப் பார்ப்பார். திட்டப் போகிறார் என்று நினைத்து முதலிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பு நான்தாம்மா கேக்கணும்” என்றார். “சத்தமில்லாம நாப்பது நிமிஷம் என்னையே பாத்தேன். பத்தாவது நிமிஷத்துல எனக்கே தூக்கம் வந்திடுச்சி. எபி ஒவ்வொரு வாரமும் இதத்தான பாத்துகினு இருக்கான்?”

தங்கம் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “செவ்வாக்கெழம கடப்பாக்கம் போலாம். எபியையும் கூட்டினு வா” என்றார்.

ஸ்டெல்லாவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். எபி வாசலில் நுழைந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து அவன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். ஒரு கையை மீன் நீந்துவதுபோல வளைத்துக் காட்டினாள். பிறகு கூடையிலிருந்த மீனைக் காட்டினாள். திரும்பவும் கை. எபி மீனைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அவனுடைய சின்னக் கை வளைந்து நீந்தியது. என் மகன் சொன்ன முதல் வார்த்தை மீன். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். ஸ்டெல்லா தன் போனில் தட்டி என்னிடம் நீட்டினாள். ‘ஏன் அழறே? அவன் கண் ரொம்ப நல்லா வேலை செய்யுது.’

அதன்பின் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் எங்கள் மூவருக்கும் பாடம். எனக்கு முன்னால் என் கணவர் கற்றுக்கொண்டார். நான் ஒவ்வொரு சைகையையும் சரியா, சரியா என்று நாலு தடவை கேட்பேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள்.

சபைக்கும் ஒரு புது வேலை முறை வந்தது. வியாழக்கிழமைக்குள் பாஸ்டர் பிரசங்கத்தை எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். இருபது வருடமாகக் குறிப்புக்கூட இல்லாமல் பேசியவர், பாவம், பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுதினார். நான் அதை ஸ்டெல்லாவுக்கு அனுப்புவேன். அவள் படித்து, அங்கே கடலோரத்திலிருக்கிற ஆலம்பரைக் கோட்டைச் சுவரோரம் நல்ல வெளிச்சத்தில் நின்று, முழுவதையும் சைகை மொழியில் சொல்வாள். தங்கம் அக்கா போனில் பிடிப்பார். காற்றோ அலையோ எவ்வளவு இரைந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. முதல் பதிவில் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். கைகள் எங்கே என்றே தெரியவில்லை. அதிலிருந்து கருநீலத்தில் ஒரே சுடிதார்தான். நான் அதை ஞாயிறு ஆராதனைத் திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் ஓடவிடுவேன்.

மூப்பர் ஞானமுத்து ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. “மூலையில ஒரு பொண்ணு கைய ஆட்டிகினு இருந்தா பிரசங்கத்த எவன் கேப்பான்? இது சபையா, சினிமா கொட்டாயா?” என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். என் ஒரு பிள்ளைக்காகச் சபையையே அலைக்கழிக்கிறேனோ?

அதற்குப் பதில் மாமல்லபுரத்திலிருந்து வந்தது. எங்கள் பதிவு கைக்குக் கை மாறி, ஒரு சிற்பக் கூடத்தில் கல் செதுக்குகிறவரின் போனுக்குப் போயிருக்கிறது. அவருக்கும் அவர் மனைவிக்கும் காது கேட்காது. ஒரு ஞாயிறு இருவரும் மாடிப்படி ஏறி வந்து, முதல் வரிசையில் திரைக்கு நேராக உட்கார்ந்தார்கள். அவர் நகக்கண்களில் கல்தூள் வெள்ளையாக இருந்தது. அவர் பாஸ்டரைப் பார்க்கவே இல்லை. மூலையிலிருந்த ஸ்டெல்லாவையே பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூப்பர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். முன்னால் கல் செதுக்குகிறவரின் தலை தனக்குத் திரையை மறைத்ததாம். அடுத்த வாரம் ஸ்டெல்லாவின் கட்டம் தாமதமாக வந்தபோது முதலில் கேட்டவரும் அவர்தான். “இன்னாம்மா, நம்ம ஸ்டெல்லாவ காணோம்?”

அதே ஞாயிறுதான் பாஸ்டர் சபையின் முன்னால் நின்று சொன்னார். “இவ்ளோ நாளா கண்ண மூடி ஜெபிப்போம்னு சொல்லிகினு இருந்தேன். நம்மள்ல சிலருக்கு அது கதவ சாத்தற மாதிரின்னு இப்பதான் புரியுது. இன்னிக்கி எல்லாரும் கண்ணத் தொறந்து வெச்சிக்கலாம். கையையும்தான்.”

சபை முழுவதும் திரையிலிருந்த ஸ்டெல்லாவைப் பார்த்து, தப்பும் தவறுமாகக் கைகளை அசைத்து ஜெபித்தது. வயதானவர்கள், ஐ.டி. பிள்ளைகள், எல்லோரும். நான் மட்டும் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன்.

என் இமைமேல் ஏதோ பட்டது. எபி. நாற்காலியில் ஏறி நின்று, தன் இரண்டு சின்ன விரல்களால் என் இமையைத் தூக்கிப் பார்த்தான். ‘பார்’ என்று சைகை செய்தான். பார்த்தேன். ஒரு விரலால் ஒரு உள்ளங்கையின் நடுவைத் தொட்டான், பிறகு மறு உள்ளங்கையைத் தொட்டான். ஆணி பாய்ந்த இடங்கள். சைகை மொழியில் அதுதான் இயேசுவின் பெயர். அதன்பின் நன்றி என்றான். அதன்பின் மீன். அதன்பின் அப்பா, ஸ்டெல்லா. கடைசியில் என்னைத் தொட்டான். பிறகு தொண்டையைத் திறந்து உரக்க ஒரு சத்தம் போட்டான், அவனுடைய சந்தோஷச் சத்தம்.

லேப்டாப் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்று நான் ஒலியை நிறுத்தவில்லை. கடப்பாக்கம் முழுக்கக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“எம்மாடி, எம்மாம் சவுண்டு! டிவியே அதிருது” என்று தங்கம் அக்கா பிறகு போனில் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

பெருமைப்படக் கூடாது என்பார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் என் மகனைப் பற்றியும், ஸ்டெல்லாவைப் பற்றியும், ஒரு பிள்ளைக்காகத் தன் வழக்கத்தையே மாற்றிய என் சபையைப் பற்றியும் பெருமைப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. தேவன் மன்னிப்பார். நான் கேட்டது ஒரு வழி. அவர் அந்த வழியை என் வெட்கத்துக்குள்ளிருந்தே, நான் மறந்துபோன ஒரு பொத்தானிலிருந்தே திறந்தார். அந்த மாத்திரையைப் பற்றி நான் இப்போது கேட்பதில்லை.

உங்கள் சபையிலும் ஒரு கேமரா இருக்கலாம், ஒரு போனாவது இருக்கும். ஒரு நாள் ஒலியை நிறுத்திவிட்டு உங்கள் ஆராதனையைப் போட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பல வருடங்களாக ஒரே ஜெபத்தைச் சொல்லிக் களைத்துப்போன தாய் யாராவது இதை வாசித்தால், பயப்படாதீர்கள் அம்மா. கேட்டது அப்படியே கிடைக்காவிட்டாலும் நம்புங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏற்ற வழி அவரிடம் இருக்கிறது. உங்களுக்காக நானும் எபியும் தினமும் ஜெபிக்கிறோம், கண்ணைத் திறந்துகொண்டே.