ரயில் மோட்டாரில் எத்தனை சுரம்

பினாங்கில் நிலத்தடி ரயில் கிடையாது. ஆகவே அதன் மோட்டார் சத்தத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்குக்கூட நானும் என் மனைவியும் கோலாலம்பூர் வரை போக வேண்டியிருந்தது. மகள் அங்கே இருக்கிறாள். நான்கு நாள் தங்கினோம். பதினொரு முறை நிலத்தடி ரயிலில் ஏறினோம்.

அந்த ரயில் சும்மா கிளம்புவதில்லை. பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தில் கை வைத்தது போல ஒரு சுரம், அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று ஏறிக்கொண்டே கிளம்பும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும் கருவி ஒன்று உண்டாம். நறுக்கும் வேகம் படிப்படியாகக் கூடுவதால்தான் இந்தச் சங்கீதம். படித்தவன் என்பதால் தேடிப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே வருவது எந்த வகை வண்டி என்று சொல்லிவிடும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களாம். வேலையற்றவர்கள். நான் அப்படியெல்லாம் இல்லை. சுரங்களை எண்ணினேன், அவ்வளவுதான். பதினொரு முறையும் மூன்று.

“ஆறுங்க,” என்றாள் மனைவி.

“மூணு.”

“மூணுக்கு அப்புறம் மெலிசா இன்னும் மூணு போகுது. கொசு மாதிரி. கேக்கலையா?”

மாடிப்படி எத்தனை என்று இன்றுவரை எண்ணிப் பார்க்காதவள் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய கற்பனை வளத்தைப் பாராட்டினேன். கூட வந்த மகள் சிரிக்கவில்லை. ரயில் மறுபடி கிளம்பியபோது அந்தச் சத்தத்தைத் தன் ஹென்போனில் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என் மனைவி எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. என்னைக் கூப்பிட்டதாக அவள் சொன்னாள். கூப்பிடவில்லை என்று நான் சொன்னேன். நான் கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காதா? மகள் தீர்ப்புச் சொன்னாள்: அப்பா காதைப் பரிசோதிக்க வேண்டும், காது சரியில்லை என்றால் இரண்டு பேரும் தனியாக இருக்கக் கூடாது, மூட்டை கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்துவிட வேண்டும்.

பினாங்கில், ஆயர் ஈத்தாமில் அந்த அடுக்குமாடி வீட்டில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறோம். ஏழாவது மாடி. படிகள் நூற்றுப் பத்து. லிப்ட் நின்றுபோகும் நாள்களில் சரிபார்த்திருக்கிறேன். சன்னலைத் திறந்தால் கொடிமலை. மகள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் ஏர்கோன். எனக்குக் காது நன்றாகக் கேட்டே ஆக வேண்டிய நிலை.

ஊர் திரும்பியதும் டவுனில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்கார வைத்து, காதுகளில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். “சத்தம் கேட்டா அமுக்குங்க அங்கிள். சின்னதா கேட்டாலும் அமுக்கணும்.”

முதல் சில சத்தங்கள் கேட்டன. ஆறு எண்ணுவதற்கு ஒன்றாக அவை வருவதையும் கவனித்தேன். இடைவெளி தெரிந்துவிட்ட பிறகு, எண்ணத் தெரிந்தவனுக்குச் சத்தம் எதற்கு? ஆறு எண்ணினேன், அமுக்கினேன். ஆறு எண்ணினேன், அமுக்கினேன். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவே நான்கை வேண்டுமென்றே விட்டேன்.

“வயசுக்கு ரொம்ப நல்ல காது அங்கிள்!” என்று ஒரு தாளைக் கொடுத்தாள். அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு பெருமையாக மதிப்பெண் காட்டியதில்லை.

வெற்றியைக் கொண்டாட, சூலியா தெருவில் எங்களுக்குப் பல வருடப் பழக்கமான பாய் கடைக்கு மீன் தலைக் கறி சாப்பிடப் போனோம். மனைவி ஹென்போனை எடுத்து அந்த ரயில் பதிவைப் போட்டு, கடைக்கார பாயிடம் நீட்டினாள். “பாய், இதுல எத்தனை சத்தம் ஏறுதுன்னு சொல்லுங்க.”

பாய் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையில் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார். எனக்கும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ரயில் அடங்கிவிட்டது. ஆனால் பாயின் விரல்கள் அடங்கவில்லை. நான்காவது விரல் நிமிர்ந்தது. ஐந்தாவதும் நிமிர்ந்தது. பிறகு கையை மூடி, மறுபடி ஒரு விரல்.

“ஆறு அண்ணே. கடைசி ஒண்ணு ஊசி மாதிரி லா.”

“என் பொண்டாட்டி உங்களுக்கு என்ன லஞ்சம் குடுத்தா பாய்?”

“அக்கா அந்த மீன் தலையவே இன்னும் விடல. எனக்கு எங்க அண்ணே குடுக்கப் போறாங்க?”

அவள் ஜெயித்துவிட்டாள், ஒரு வாரத்துக்காவது சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பாய் நகரும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“அன்னைக்குக் கீழ விழுந்து கெடந்தப்ப, நீங்க பேப்பர் திருப்புற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் கூப்பிடுறேன், நீங்க பக்கத்தத் திருப்புறீங்க. காது நல்லா இருக்குன்னு இப்ப தாளும் குடுத்துட்டாங்க. அப்ப வேணும்னுதான வரல?”

என் கணக்கில் இது வரவே இல்லை. நான் பெருமையாகச் சட்டைப் பையில் வைத்திருந்த தாள், கேட்டும் எழுந்து போகாத புருஷன் இவன்தான் என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தது. செவிடன், அல்லது கல்நெஞ்சன்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குள் சோறு ஆறிவிட்டது.

அடுத்த நாள் காலை அதே நிலையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். “போன தடவை நான் கேட்டு அமுக்கலம்மா. எண்ணி அமுக்குனேன்,” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“எண்ணியா? ஐயோ அங்கிள், பரீட்சையில காப்பியடிச்சவங்கள பாத்திருக்கேன், காது டெஸ்ட்ல இப்பத்தான் பாக்குறேன்.”

இந்த முறை அந்தப் பெண் கண்டபடி இடைவெளி விட்டாள். நானும் எண்ணவில்லை. எழுபத்து மூன்று வருடப் பழக்கத்தை நிறுத்துவது எத்தனை கஷ்டம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பொத்தான் மேல் கட்டைவிரல் சும்மா கிடந்தது. நெடுநேரம் சும்மா கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே என் மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய தாளில், காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு பாதியிலேயே கீழே இறங்கியது. மனைவி அதன் மேல் விரல் வைத்துக் கேட்டாள். “குளியலறைக் கதவு பாதி சாத்தி இருந்துச்சு, விழுந்ததுல என் கொரலும் மெலிசாத்தான் வந்துச்சு. நான் கூப்பிட்டது இவருக்குக் கேட்டிருக்குமா?”

“சான்ஸே இல்ல ஆண்ட்டி.”

“நல்ல வேளை,” என்றாள் என் மனைவி. தன் புருஷன் செவிடு என்று தெரிந்ததும் முகம் இப்படி மலர்ந்த இன்னொரு பெண்ணை நான் கண்டதில்லை. அங்கேயே மகளைக் கூப்பிட்டாள். அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி, எனக்கே தெளிவாகக் கேட்கும்படி, ஹென்போனில் சொன்னாள்:

“அப்பாவுக்குக் காது கேக்காதுடி! நெசமாவே கேக்காது! மெஷின் வாங்கி மாட்டி விடுறேன், நாங்க இங்கயே இருந்துக்குறோம்!”